தேவ சமுகத்தில் அமர்ந்திருக்கப் பழகுதல்: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

புதிதாக விசுவாசத்திற்குள் வந்தவர்களும், பல ஆண்டுகள் சபைக்குப் போய்வந்து இப்போதுதான் தனிஜெபத்தை ஊன்றிச் செய்யத் தொடங்கியிருப்பவர்களும் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது. அதிகாலையில் எழுகிறார்கள், நாளுக்கு மூன்று அதிகாரம் வாசிக்கிறார்கள், வெள்ளிக்கிழமை உபவாசம் இருக்கிறார்கள். ஆனாலும் உள்ளே சமாதானம் இல்லை, ஆராதனையில் வந்த சந்தோஷம் ஞாயிறு மாலைக்குள் வடிந்துவிடுகிறது என்கிறார்கள். இன்னும் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்தால் கிடைத்துவிடுமோ என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் அப்படி இருந்தவன். இருபத்து மூன்று வயதில், எண்பது பக்க நோட்டு ஒன்றில் தேதி போட்டு, நாலரை மணி அலாரத்திற்கு எழுந்த நாளுக்கு நீல மையில் சரி என்றும், தவறிய நாளுக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறியும் இட்டுவந்தேன். நீலம் நிறைந்த வாரங்களில், ஜெபிக்காதவர்களை மனத்துக்குள் குறைவாக எண்ணினேன். சிவப்பு விழுந்த வாரங்களில் முழங்கால்படியிடவே கூசினேன். இரண்டு வகை வாரங்களிலும் நான் பார்த்துக்கொண்டிருந்தது என்னைத்தான். அந்த நோட்டில் தேவனைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

சமுகம் என்ற சொல்

"உம்முடைய சமுகத்தில் பரிபூரண ஆனந்தமும், உம்முடைய வலதுபாரிசத்தில் நித்திய பேரின்பமும் உண்டு" என்பது பதினாறாம் சங்கீதத்தின் கடைசி வசனம். இதைச் சுவரில் மாட்டும்போதும் பத்திரிகையில் அச்சிடும்போதும் பலர் 'சமூகத்தில்' என்று நெடிலாக எழுதிவிடுகிறார்கள். சமூகம் என்பது மக்கள் கூட்டம். சமுகம் என்பது ஒருவருடைய முகத்துக்கு முன்பாக இருக்கும் நிலை. எபிரெயத்தில் இந்த இடத்தில் இருப்பதும் 'முகம்' என்ற பொருள் தரும் சொல்தான். ஆனந்தம் இருக்கிற இடமாகத் தாவீது காட்டுவது ஒரு முகத்தை. முகத்தை யாரும் உழைத்து உண்டாக்க முடியாது. திரும்பிப் பார்க்கத்தான் முடியும். இனி நான் சொல்லப்போகும் படிகள் எல்லாம் அந்தத் திரும்புதலுக்கு உதவுகிறவையே. இவற்றைச் சரியாகச் செய்துவிட்டால் சமாதானம் கூலியாக வந்துவிடும் என்று எண்ணி எடுத்துக்கொண்டால், என் பழைய நோட்டுக்கு இன்னொரு நோட்டு சேர்ந்ததாகிவிடும்.

முதலில்: எந்த உரிமையில் வருகிறோம்?

ஜெபிக்க உட்காரும் முன்பே இது தீர்ந்திருக்க வேண்டும். இஸ்ரவேலில் பிரதான ஆசாரியன் ஒருவன் மட்டும், ஆண்டுக்கு ஒரு நாள், பலியின் இரத்தத்தோடு, மகா பரிசுத்த ஸ்தலத்தை மறைத்த திரைக்கு அப்பால் போனான். இயேசு சிலுவையில் ஜீவனை விட்டபோது அந்தத் திரைச்சீலை மேல்தொடங்கிக் கீழ்வரைக்கும் கிழிந்தது என்று மத்தேயு எழுதுகிறார். கிழிந்த திசையைக் கவனியுங்கள். மனிதர் கிழித்திருந்தால் கைக்கு எட்டும் அடிப்பக்கத்திலிருந்தே கிழிந்திருக்கும். வழி தேவனுடைய பக்கத்திலிருந்து திறக்கப்பட்டது. ஆகவே, நேற்று நீங்கள் கோபப்பட்டீர்களா, வேதம் வாசிக்காமல் தூங்கிவிட்டீர்களா என்பது இன்று உள்ளே வரும் உரிமையைத் தீர்மானிப்பதில்லை. பாவத்தை அறிக்கை செய்ய வேண்டும். ஆனால் அதை உள்ளே வந்து செய்ய வேண்டும், வாசலுக்கு வெளியே நின்று தண்டனைக்காலம் கழித்த பிறகு வரலாம் என்று காத்திருக்கக் கூடாது.

முயற்சியின் எல்லையை நன்றாக அறிந்திருந்த ஒருவர், பிற்காலத்தில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயப் போதகர் ஜான் வெஸ்லி. ஆக்ஸ்போர்டில் நண்பர்களோடு சேர்ந்து ஒழுங்கான ஜெபம், வாரம் இரண்டு நாள் உபவாசம், சிறைக் கைதிகளைப் பார்த்தல் என்று கண்டிப்பாக வாழ்ந்தவர், 1735-இல் ஊழியத்துக்கென்று அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். 1736 ஜனவரியில் நடுக்கடலில் புயல் அடித்து, பெரிய பாய் கிழிந்து, தண்ணீர் தளங்களுக்கு நடுவே கொட்டியபோது, கப்பலிலிருந்த ஆங்கிலேயர் அலறினார்கள். ஜெர்மானியரான மொராவிய விசுவாசிகளோ தாங்கள் தொடங்கியிருந்த சங்கீதத்தை நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்குப் பயமாக இல்லையா என்று வெஸ்லி பிறகு அவர்களில் ஒருவரிடம் கேட்க, தேவனுக்கு நன்றி, இல்லை என்று அவர் பதில் சொன்னார். தன்னிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறது என்பதை வெஸ்லி அன்று கண்டார். 1738 மே 24 அன்று மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில், ரோமர் நிருபத்திற்குச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தபோது, தம் இருதயம் அனல்கொண்டதாகவும், இரட்சிப்புக்குக் கிறிஸ்துவை மட்டுமே தாம் நம்புவதை உணர்ந்ததாகவும் நாட்குறிப்பில் எழுதினார். அதற்குப் பிறகு அவர் உழைப்பு குறையவில்லை, பெருகியது. உழைப்பு ஊன்றி நின்ற அடித்தளம்தான் மாறியது.

இடமும் நேரமும்

இதற்கு அதிகம் யோசிக்க வேண்டாம். தொடக்கத்தில் பத்து நிமிடம் போதும். அதிகாலைதான் புனிதமான நேரம் என்றில்லை. இரவுப் பணியிலிருந்து காலை எட்டு மணிக்கு வீடு திரும்புகிற செவிலியருக்கு எட்டரை மணிதான் அதிகாலை. கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள், வேதம் அதில்தான் இருக்கிறது என்றாலும். பழைய அச்சுப் பிரதி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கும்படி இயேசு சொன்னார், ஆனால் ஒரே அறையில் ஐந்து பேர் படுத்து எழுகிற வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு. முந்தானையை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரும் தாய்மார்களைச் சிறுவயதிலிருந்து பார்த்திருக்கிறேன்; அந்த முக்காடே அவர்களுக்கு அறைவீடாக இருந்தது.

சுமையை இறக்குதல்

உட்கார்ந்தவுடன் மனம் அமைதியாகாது. கடன் தவணை, பிள்ளையின் மதிப்பெண், மாமியாரின் சொல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும். இவற்றை அடக்கிவிட்டுப் பிறகு தேவனிடம் போகலாம் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய பிழை. அவற்றையே முதலில் எடுத்துச் செல்லுங்கள். "அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்று பேதுரு எழுதுகிறார்.

நம் பழைய பாதைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கற்கள் இன்னும் சில நிற்கின்றன. இரண்டு கற்களை நட்டு, குறுக்கே ஒன்றைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு தனியாக நடந்து வருகிறவர் அதை இறக்கி வைக்கவும், மறுபடி ஏற்றிக்கொள்ளவும் இன்னொருவரின் கை வேண்டும். அந்தக் கை கிடைக்காத வழியில் நிற்கட்டும் என்றுதான் அந்தக் கல்லை ஆள் உயரத்துக்கு நட்டார்கள். சுமந்து வருகிறவர் குனிய வேண்டியதில்லை, மூட்டையைப் பிரித்துக் காட்ட வேண்டியதில்லை. தலையைச் சற்றுச் சாய்த்தால் சுமை கல்லின்மேல் போய்விடும். ஜெபத்தில் கவலையை வைப்பதும் அவ்வளவு எளிமையானது. ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் பெயர் சொல்லி வையுங்கள்: "ஆண்டவரே, அடுத்த மாத வாடகை. இதை உம்மிடத்தில் வைக்கிறேன்." அதை அவர் எப்படித் தீர்க்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினீர்களானால், மூட்டை மறுபடியும் உங்கள் தலைக்கு வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். திரும்பவும் வையுங்கள். ஒரே காலையில் ஏழு தடவை வைக்க நேர்ந்தாலும் பிழையில்லை.

ஒரே ஒரு வசனம்

வேதத்தை ஓராண்டில் வாசித்து முடிக்கும் திட்டம் நல்லதுதான். அதை வேறு நேரத்திற்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பத்து நிமிடத்திற்கு ஒரு வசனம் போதும். சங்கீதங்களிலிருந்து தொடங்குவது நலம்: 16, 23, 27, 46, 62, 131. வாய்விட்டு மெதுவாக மூன்று தடவை வாசியுங்கள். எந்தச் சொல்லில் மனம் நிற்கிறதோ அந்தச் சொல்லில் நீங்களும் நில்லுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் சிலருக்குக் கடினமாக இருக்கலாம், ஆனால் அதில் 'அமரிக்கை' போன்ற சொற்கள் இருக்கின்றன. "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்" என்று ஏசாயா 30-இல் வருகிறது. அந்தச் சொல்லை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாலே மூச்சு நிதானப்படுகிறது.

நாற்பத்தாறாம் சங்கீதத்தின் "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற வசனத்தைத் தனியாக எடுத்து, ஏரிக்கரைப் படத்தின்மேல் எழுதி வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தச் சங்கீதத்தை முழுவதுமாக வாசித்தால் மலைகள் கடலில் சாய்கின்றன, ஜாதிகள் கொந்தளிக்கின்றன, ராஜ்யங்கள் தத்தளிக்கின்றன. அதற்கு நடுவில்தான் இந்தக் கட்டளை வருகிறது. 'அமர்ந்திருங்கள்' என்று நாம் வாசிக்கும் எபிரெயச் சொல்லுக்குக் கையைத் தளரவிடுதல், பிடியை விடுதல் என்ற பொருள் உண்டு. வீட்டில் பிரச்சினை தீர்ந்த பிறகு அமரலாம் என்று காத்திருக்கிறவர்கள் இந்தச் சங்கீதத்தை ஒரு வாரம் தொடர்ந்து வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அமர்ந்திருத்தல்

இனி வருவதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. சுமையை வைத்தாயிற்று, வசனத்தை வாசித்தாயிற்று. மீதமுள்ள சில நிமிடங்கள் எதையும் கேட்காமல் அவருக்கு முன்பாக இருங்கள்.

இது என்ன என்பதை எனக்கு விளங்கவைத்தது ஒரு பிரசங்கமன்று. என் தங்கையின் மகள். ஏறக்குறைய இரண்டு வயது வரை தாய்ப்பால் குடித்த குழந்தைக்குப் பால் மறக்கச் செய்ய, ஊர் வழக்கப்படி வேப்பிலையை அரைத்துத் தடவினாள் என் தங்கை. மூன்று இரவுகள் குழந்தை அழுத அழுகையில் வீட்டில் யாரும் தூங்கவில்லை. கசப்பை வாயில் உணர்ந்துவிட்டுத் தாயின் முகத்தை அது பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது; தன் தாயே இப்படிச் செய்வாளா என்ற திகைப்பு அதில் இருந்தது. பத்து நாள் கழிந்திருக்கும். ஒரு மதியம் என் தங்கை திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். குழந்தை வந்து மடியில் ஏறியது. முந்தானையை இழுக்கவில்லை, சிணுங்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு கையைத் தாயின் தாடையில் வைத்துக்கொண்டு, முகத்தைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தது. சுளகில் இருந்த கீரை முழுவதும் உருவி முடியும் வரைக்கும் அப்படியே இருந்தது.

"தாயின் பால்மறந்த குழந்தையைப்போல நான் என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்" என்று நூற்று முப்பத்தொன்றாம் சங்கீதம் சொல்வது இதைத்தான். பால் குடிக்கும் குழந்தை மடிக்கு வருவது பசிக்காக. பால் மறந்த குழந்தை வருவது தாய்க்காக. நாம் கேட்டவை கிடைக்காமல் போன காலங்களில், தேவன் தம்மைக் கசப்பாக்கிக்கொண்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. நான் ஒரு வேலைக்காக ஓராண்டுக்கு மேல் உபவாசத்தோடு ஜெபித்து, அது கைக்கு வராமல் போனபோது, அந்த மூன்று இரவுகளில் இருந்த குழந்தையைப் போலத்தான் இருந்தேன். கசப்பைத் தடவிய கையும் அதுவரை ஊட்டிய கையும் ஒன்றே என்று விளங்க எனக்குப் பத்து நாளைவிட அதிகக் காலம் பிடித்தது. விண்ணப்பம் செய்வது தவறென்று இதற்குப் பொருளில்லை. எல்லாவற்றையும் குறித்து விண்ணப்பம் செய்யும்படி சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதினார் பவுல். ஆனால் விண்ணப்பம் முடிந்தவுடன் எழுந்து போய்விடாதீர்கள் என்கிறேன்.

அமர்ந்திருக்கும்போது நினைவு அலையும். அலையாதவர் யாருமில்லை. இரண்டு நிமிடம் கழித்து, மளிகைக் கடைப் பாக்கியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று தெரியவரும்போது உங்களைத் திட்டிக்கொள்ள வேண்டாம். அந்தத் திட்டுதலும் பார்வையை உங்கள் பக்கமே திருப்பிவிடும். "ஆண்டவரே" என்று ஒரு சொல் சொல்லித் திரும்பினால் போதும். இருபது தடவை அலைந்தால் இருபது தடவை திரும்பலாம்.

பரவசம் வரவில்லை, கண்ணீர் வரவில்லை என்றும் கவலைப்பட வேண்டாம். சில நாட்களில் ஆழ்ந்த மகிழ்ச்சி தானாக எழும், சில நாட்களில் மின்விசிறிச் சத்தம் மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டு நாட்களிலும் அவர் அங்கேதான் இருக்கிறார்.

அடுக்களையிலும் பணியிடத்திலும்

தம்மை உபசரிக்கும் வேலையில் பரபரத்த மார்த்தாளை இயேசு கடிந்துகொண்டதைப் படித்துவிட்டு, வேலை செய்கிறவர்களுக்குச் சமாதானம் கிடையாது என்று எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர் சுட்டிக்காட்டியது அவளுடைய சமையலை அன்று. "நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்றுதான் சொன்னார். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸில் ஒரு கார்மேல் மடத்தில், முன்பு போர்வீரராக இருந்து காயம்பட்ட சகோதரர் லாரன்ஸ் என்பவர் சமையற்காரராக இருந்தார். சமையல் வேலை அவருக்கு இயல்பில் பிடிக்காத ஒன்று. முதல் பத்தாண்டுகள் தம் குறைகளை எண்ணி மிகவும் உள்ளம் நொந்தவர், தேறாத தம்மைத் தேவனிடத்தில் அப்படியே விட்டுவிட்ட பிறகு ஆழ்ந்த சமாதானத்தைக் கண்டார். பலர் ஒரே நேரத்தில் பலவற்றைக் கேட்டுக் கூப்பிடும் சமையலறைச் சத்தத்தின் நடுவிலும், முழங்காலில் நிற்கும்போது இருப்பதைப் போலவே தேவனோடு அமைதியாக இருக்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

இதற்கு ஒரு சிறு பழக்கம் உதவும். ஒவ்வொரு நாளும் நீங்கள் கட்டாயம் செய்யும் இரண்டு செயல்களைத் தேர்ந்துகொள்ளுங்கள்: தண்ணீர்க் குடத்தை நிரப்புவது, வண்டியைக் கிளப்புவது, கணினியைத் திறப்பது, எதுவாகவும் இருக்கலாம். அந்த நேரத்தில் காலையில் வாசித்த சொல்லை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு மேல் வேண்டாம். எட்டாக்கினால் அதுவும் ஒரு கணக்காகிவிடும்.

அப்படியானால் முயற்சியே வேண்டாமா என்று இளைஞர்கள் கேட்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தல்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கவாத்து செய்து வெட்டிப் போட்ட கொடி காலையில் பச்சையாகவே கிடக்கும், இலைகளும் இருக்கும். வெயில் ஏற ஏற வாடி, மாலைக்குள் சுருண்டுவிடும். பந்தலில் இருக்கிற கொடியோ ஒட்டியிருக்கிறது, சாறு வருகிறது, காய்க்கிறது. "நானே திராட்சச்செடி, நீங்கள் கொடிகள்" என்றவர், நிலைத்திருப்பதையே நம்மிடம் கேட்டார். மற்ற அப்போஸ்தலர் எல்லாரையும்விட அதிகமாகத் தாம் பிரயாசப்பட்டதாகச் சொல்லும் பவுல், அதே மூச்சில், நானல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே என்கிறார். சாறு வருகிற கொடியின் உழைப்பு அது.

வறண்ட நாட்களில்

எலியா தீர்க்கதரிசி ஒரு நாள் பிரயாணம் வனாந்தரத்தில் நடந்து, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டான். தேவன் அவனுக்கு முதலில் கொடுத்தது தூக்கம், பிறகு தழலில் சுட்ட அடையும் தண்ணீரும், மறுபடியும் தூக்கம், மறுபடியும் உணவு. அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான் வந்தது. ஆகவே நீங்கள் பல நாட்களாகத் தூங்காமலும் சாப்பிடாமலும் இருந்தால், அன்று ஜெபத்தைக் கூட்ட வேண்டாம், சாப்பிட்டுத் தூங்குங்கள். வாரக்கணக்கில் மனம் இருண்டு, எதிலும் பிடிப்பற்று, சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால், ஒளிக்காமல் வீட்டாரிடமோ நம்பத்தக்க ஒருவரிடமோ சொல்லி, உடனே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பேச்சு நல்ல விசுவாசிகளை நொறுக்கியதைப் பார்த்திருக்கிறேன்.

உடல் நலமாக இருந்தும் வறட்சி நீடிக்கலாம். அப்போது பதின்மூன்றாம் சங்கீதத்தை உங்கள் ஜெபமாக்கிக்கொள்ளுங்கள். எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று அவரிடமே கேட்பதும் அவர் சமுகத்தில் இருப்பதுதான். டோனாவூரில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குத் தாயாக ஓடியாடி உழைத்த மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் கீழே விழுந்து அடிபட்டு, 1951-இல் இறக்கும் வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். ஓட முடியாத அந்த ஆண்டுகளில் நாள்பட்ட வலியோடு அவர் எழுதியவை, இன்றும் படுக்கையில் கிடக்கும் எத்தனையோ பேருக்கு ஆறுதலாக இருக்கின்றன. ஒன்றும் செய்ய இயலாத நிலையில் தேவனுக்கு நாம் வேண்டாதவர்களாகிவிடுகிறோம் என்ற பயம் உங்களுக்கு இருந்தால், நெல்லைச் சீமையிலேயே இருந்த அந்த அறையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. நீங்கள் தொடங்கிய சில வாரங்களிலேயே ஐந்தாறு நாள் விட்டுப்போகும்: விருந்தினர் வருவார்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், அல்லது காரணமே இல்லாமல் தவறும். விட்டுப்போன நாட்களுக்கு ஈடாக மறுநாள் ஒரு மணி நேரம் உட்கார வேண்டாம். அரைமணி நேரம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டாம். ஒரு வாக்கியம் போதும். வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, மூன்றே வசனங்கள் உள்ள நூற்று முப்பத்தொன்றாம் சங்கீதத்தை வாசித்துவிட்டு, அந்தப் பத்து நிமிடமும் அவருக்கு முன்பாக இருங்கள்.